கண்ணுக்குக் காப்பீடு வேண்டுமா?

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழியைக் கேளாதார் நம்முள் இரார். ஆயினும் கண் கெடுமுன் செய்யத்தக்கது யாது என்று எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. அவ்வாறு எண்ணத் தொடங்கினோர் முன்னே இக்காலத்தில் ஒரு புதிய வினா வந்து நிற்கிறது. உயிருக்கும் வீட்டுக்கும் வண்டிக்கும் காப்பீடு எடுப்பது போலக் கண்ணுக்கும் காப்பீடு எடுக்கவேண்டுமா? எடுப்பின், அதற்குச் செலுத்தும் பொருளுக்கு ஈடான பயன் கிடைக்குமா? நெய்யூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்னிறுத்தி இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நெய்யூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1838 ஆம் ஆண்டில் மருத்துவர் ஆர்ச்சிபால்டு இராம்சே இலண்டன் மிஷன் சார்பில் இவ்வூரில் மருத்துவத் தொண்டைத் தொடங்கினார். தென் திருவிதாங்கூரின் ஏழை எளியோர் மேனாட்டு மருத்துவத்தின் பயனை முதன்முதற் கண்டது இங்கேயாம். 1922 ஆம் ஆண்டில் எவரெஸ்ட்டு மலையேற்றத்திற்கு வந்த மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், அதன் பின்னர்த் தென்னாடு காண வந்தவர், நெய்யூரில் திரண்டிருந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு மனமிரங்கி இங்கேயே பணிபுரியத் துணிந்த வரலாறு யாவரும் அறிந்ததே. அந்நாளில் நோயாளர் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். எஞ்சியதை அறவோர் நன்கொடை நிரப்பிற்று. இன்றோ மருத்துவச் செலவின் பெரும்பகுதியைக் குடும்பமே சுமக்க வேண்டியுள்ளது. ஆதலின் காப்பீட்டைப் பற்றிய அறிவு இல்லறத்தார் யாவர்க்கும் இன்றியமையாததாயிற்று.

காப்பீட்டின் இயல்பு

முதற்கண் காப்பீடு என்பது யாது என்று தெளிதல் வேண்டும். ஆயிரம் வீடுகள் உள்ள ஓர் ஊரில் ஆண்டுக்கு ஒரு வீடு தீப்பற்றுவதாக வைத்துக்கொள்வோம். எவ்வீடு பற்றும் என்பது ஒருவர்க்கும் தெரியாது. ஆயிரவரும் ஆளுக்குச் சிறு தொகை இட்டு வைப்பின், வீடிழந்தவன் ஒருவன் மீண்டும் வீடு கட்டிக்கொள்வான். ஏனையோர்க்கு நேர்ந்த இழப்புச் சிறிது. இதுவே காப்பீட்டின் சாரம். இது செவ்வனே நடைபெறுதற்கு மூன்று தன்மைகள் வேண்டும். தீங்கு சிலர்க்கே நேர்வதாயிருத்தல் ஒன்று. அது எவர்க்கு எப்பொழுது நேரும் என்று முன்னறிய இயலாதிருத்தல் மற்றொன்று. நேர்ந்தால் ஒரு குடும்பத்தால் தாங்கலாகாத பேரிழப்பாயிருத்தல் மூன்றாவது.

இனி, ஆயிரம் வீட்டாரும் ஆண்டுதோறும் தத்தம் கூரையை வேய்கின்றனர். அச்செலவுக்கும் ஒரு காப்பீடு நிறுவினால் என்னாகும்? ஒவ்வொருவரும் தம் கூரைச் செலவு முழுவதையும் கொடுத்து, அதனோடு கணக்கெழுதுவோன் கூலியையும் நிறுவனத்தின் ஆதாயத்தையும் சேர்த்துக் கொடுப்பர். யாவர்க்கும் தவறாது வரும் செலவைக் காப்பீட்டிற்குள் கொண்டுவருதல், தன் பணத்தைப் பிறர் கையிற் கொடுத்துக் குறைத்து வாங்குவதேயாம். நம் பக்கத்தில் வழங்கும் சிட்டியாவது நம் பணத்தை மொத்தமாகத் திருப்பித் தருகிறது. இஃது அதுவும் தராது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இக்கட்டுரையின் பாதி விளங்கிவிடும்.

கண்ணால் வரும் செலவுகள்

கண்ணைப் பற்றிய செலவுகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மூக்குக்கண்ணாடியும் கண் பரிசோதனையும். நாற்பது வயதை அடுத்த காலத்தில் ஏறக்குறைய எல்லார்க்கும் வெள்ளெழுத்து வந்தே தீரும். பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்துப் படிப்பவரைக் கண்டால் அவர் வயதை நாம் ஊகித்துவிடலாம். ஊசியில் நூல் கோக்கப் பேரனை அழைக்கும் பாட்டியும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னற் கலையைக் கையாளும் பெண்டிரும் இதனை நன்கறிவர். இச்செலவு நிச்சயமானது, சிறியது, முன்னறியத்தக்கது.

இரண்டாம் வகை, கண்புரை. மூப்பில் கண்ணின் வில்லை ஒளி மங்குவதே இது. நெடுங்காலம் வாழ்வோரிற் பலர்க்கு வரும். அறுவைச் சிகிச்சையால் நீங்கும். பெரும்பாலும் சில மாதம் பொறுத்துச் செய்தாலும் கேடில்லை. 1949 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மருத்துவர் ஹரால்டு ரிட்லி கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதற் பொருத்தினார். பன்னெடுங்காலம் அவ்வில்லை விலையுயர்ந்த அயல்நாட்டுப் பொருளாகவே இருந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டில் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து, 1992 ஆம் ஆண்டில் அவ்வில்லையை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்யும் ஆரோலாப் என்னும் தொழிலகம் எழுந்தது. செலவு குறையுந்தோறும் காப்பீட்டின் தேவையும் குறையும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாம் வகை, கண்ணின் உள்ளே நிகழும் பெருநோய்களும் விபத்துகளும். விழித்திரை கிழிந்து பிரிதல், நீரிழிவால் விழித்திரையில் குருதிக் கசிவு, கண்ணழுத்த நோய் என்னும் குளோக்கோமா, மரத்துண்டோ இரும்புத்துகளோ பாய்ந்து கண் புண்படுதல் முதலியன இவ்வகையின. இவை எல்லார்க்கும் வருவன அல்ல. வரும் நாளும் தெரியாது. வந்தாற் செலவும் பெரிது, பார்வையும் போகும். காப்பீட்டின் மூன்று தன்மைகளும் பொருந்துவது இங்கேதான்.

கண்ணாடிக் காப்பீட்டின் கணக்கு

அமெரிக்க நாட்டில் கண்ணாடிக்கும் பரிசோதனைக்குமென்றே தனிக் காப்பீடு வழங்குகிறது. 1955 ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணத்துக் கண் பரிசோதகர் சிலர் கூடி இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கினர். பின்னர் அது நாடெங்கும் பரவிற்று. அந்நாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் இதனை எடுப்பதா விடுப்பதா என்று எண்ணுகின்றனர். நம் நாட்டில் இதுபோன்ற தனிக் காப்பீடு பெருவழக்கில் இல்லை. மருத்துவக் காப்பீட்டோடு ஒட்டி, புறநோயாளர் செலவு என்ற பெயரில் கூடுதற் கட்டணத்திற்குக் கிடைப்பதே மிகுதி. எந்நாட்டிலாயினும் கணக்கு ஒன்றே.

எடுத்துக்காட்டிற்காக, நாமே சில தொகைகளை அமைத்துக்கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு 2,000 ரூபாய் செலுத்துகிறார். அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு கண் பரிசோதனையும், இரண்டாண்டுக்கு ஒருமுறை கண்ணாடிக்கென 1,500 ரூபாய் வரையும் கிடைக்கும். பரிசோதனைக் கட்டணம் 300 ரூபாய் என்க. இரண்டாண்டில் அவர் கொடுத்தது 4,000 ரூபாய். ஒன்று விடாமற் பயன்கொண்டாலும் பெற்றது 2,100 ரூபாய். இழப்பு 1,900 ரூபாய். கட்டணம் ஆண்டுக்கு 900 ரூபாயாயின் கொடுத்தது 1,800, பெற்றது 2,100. ஆதாயம் 300 ரூபாய். ஆனால் ஒருமுறை பரிசோதனைக்குச் செல்ல மறந்தால் அந்த ஆதாயம் முழுவதும் போயிற்று. நால்வர்க்கும் கட்டணம் செலுத்தும் குடும்பத்தில் ஒருவரே கண்ணாடி அணிபவராயின் கணக்கு மேலும் பாதகமாகும்.

இதிலிருந்து ஒரு விதி பெறுகிறோம். கட்டணத்தை ஒரு பக்கத்திலும், காப்பீடு இல்லாவிடினும் நாம் உறுதியாகச் செய்யவிருந்த செலவை மறுபக்கத்திலும் எழுதுக. "இவ்வளவு வரை கிடைக்கும்" என்று விளம்பரம் கூறும் உச்சத் தொகையை எழுதற்க. மறுபக்கம் பெரிதாயின் எடுக்கலாம். கட்டணத்தை முதலாளியே செலுத்துவாராயின் மறுக்கவேண்டா. மற்றெல்லா நிலையிலும் அப்பணத்தை வீட்டிலேயே வைப்பது மேல்.

நிச்சயமான செலவைப் பொதுவில் ஏற்றால் நேரும் இடர்ப்பாட்டிற்கு இங்கிலாந்து நாட்டு வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. 1948 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் நாள் அந்நாட்டில் அரசினர் மருத்துவ சேவை தொடங்கியபொழுது மூக்குக்கண்ணாடியும் இலவசமாக அளிக்கப்பெற்றது. அதுவரை மங்கிய பார்வையோடு காலங்கழித்த மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். செலவு மதிப்பீட்டை மீறிற்று. 1951 ஆம் ஆண்டில் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கட்டணம் விதிக்க முற்பட்டதும், அச்சேவையை நிறுவிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். இதனால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. கண்ணாடி தேவையானோர் தொகை நாம் நினைப்பதினும் மிகப் பெரிது. பலர்க்கும் தேவையான பொருளை இலவசமாக அளிக்கப் பொது வரிப்பணம் வேண்டும்; தனியார் காப்பீட்டால் அது முடியாது.

மருத்துவக் காப்பீட்டில் கண்ணின் பங்கு

இனிப் பொது மருத்துவக் காப்பீட்டை நோக்குவோம். 2020 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொடங்கிய ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் திட்டம் எல்லா நிறுவனங்களிலும் ஒரே விதிகளையுடையது. ஆதலின் அதனை அளவுகோலாகக் கொள்ளலாம். அதில் கண்புரை சிகிச்சைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் நான்கில் ஒரு பங்கு அல்லது 40,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே உச்சம். ஒரு இலட்ச ரூபாய்க்குக் காப்பீடு எடுத்தவர்க்கு ஒரு கண்ணுக்கு 25,000 ரூபாய்க்கு மேற் கிடையாது. ஒப்புக்கொள்ளப்பட்ட தொகையிலும் நூற்றுக்கு ஐந்து நம் கையிலிருந்தே போகும். மேலும், கண்புரைக்குப் பயன் பெற 24 மாதம் காத்திருத்தல் வேண்டும்.

இக்காத்திருப்புக் காலமே பலர் தவறிவிழும் குழி. தாயாரின் கண்ணில் புரை படர்ந்ததென்று மருத்துவர் சொன்ன மறுநாள் காப்பீடு எடுக்க ஓடுவோர் உளர். அவர்கட்கு அச்சிகிச்சைக்கு உடனே ஒரு காசும் கிடையாது. முன்னரே உள்ள நோய்களுக்கு நிறுவனங்கள் விதிக்கத்தக்க காத்திருப்பின் உச்சவரம்பு 2024 ஆம் ஆண்டில் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் மூன்றாண்டு முதியோர்க்குச் சிறு காலமன்று. நோயை மறைத்து எழுதிக் காப்பீடு எடுப்பதோ அறமும் அன்று, அறிவும் அன்று. மறைத்தது தெரியவரின் நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

வேறு சில விலக்குகளையும் அறிதல் நலம். பார்வைக் குறை 7.5 டயாப்டருக்குக் குறைந்திருப்பின், கண்ணாடியை நீக்குதற்காகச் செய்யும் லேசர் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. மூக்குக்கண்ணாடியின் விலையும் அவ்வாறே. நீரிழிவால் விழித்திரை கெட்டோர்க்குக் கண்ணுள் இடும் ஊசி மருந்திற்கு, காத்திருப்பு முதலிய விதிகட்கு உட்பட்டு, மேற்கூறிய திட்டம் காப்பீட்டுத் தொகையிற் பாதி வரை இடந்தருகிறது. இது பெரிய நன்மையே. ஆனால் குளோக்கோமா உடையோர் வாழ்நாள் முழுவதும் வீட்டிலிருந்தே இடவேண்டிய சொட்டு மருந்து, மருத்துவமனையிற் சேர்ந்து பெறும் சிகிச்சை ஆகாமையின், சாதாரணக் காப்பீட்டுள் அடங்காது. ஒளியைத் திரும்பாவண்ணம் கவரும் நோய்க்கே காப்பீட்டின் உதவி மிகக் குறைவு என்பதை நம் வாசகர் ஊன்றி நோக்குவாராக.

ஆகவே கண்ணுக்காக மட்டும் மருத்துவக் காப்பீடு எடுத்தல் வேண்டா. இருதயம், சிறுநீரகம், விபத்து ஆகிய பெருந்துன்பங்களுக்காக எடுத்தல் வேண்டும். அதனுள் கண்ணின் பெருநோய்களும் அடங்கும். இளமையிலும் நலத்திலும் எடுத்து, இடைவிடாது புதுப்பித்து வந்தால், கண்புரை வரும் வயதில் காத்திருப்புக் காலம் எப்பொழுதோ கழிந்திருக்கும். தனி மனிதரும் குடும்பத்தாரும் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டின் மேலிருந்த சரக்கு சேவை வரி 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் முதல் நீக்கப்பட்டமையும் இவ்விடத்துக் கருதத்தக்கது.

அரசினர் தரும் துணை

கட்டணம் செலுத்துமுன், செலுத்தாமலே கிடைப்பது யாது என்று வினவுதல் முறை. குருட்டுத்தன்மையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதன் கீழ் அரசினர் மருத்துவமனைகளில் வில்லை பொருத்தும் கண்புரை அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது; பள்ளிச் சிறாரின் கண்களைச் சோதித்து, தேவைப்பட்ட ஏழைக் குழந்தைகட்குக் கண்ணாடி வழங்குதலும் அதன் பகுதியே. நெய்யூரார்க்கு ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டாத் தொலைவன்று.

தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டில் கலைஞர் பெயரால் தோன்றி, 2012 ஆம் ஆண்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாடும் உண்டு. ஆண்டு வருவாய் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் அதிற் சேரலாம் என வரம்பு உயர்த்தப்பெற்றது, குடும்பம் ஒன்றிற்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகட்கு உதவி உண்டு, கட்டணம் அரசினதே. முந்திரி ஆலை முதலிய தொழிலகங்களில் வேலை செய்வோர் தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை உடையராயின் அதன் மருத்துவமும் அவர்கட்கு உரியது. அட்டை பெட்டிக்குள் உறங்க, வட்டிக்குக் கடன் வாங்கிச் சிகிச்சை செய்வது நம்மிடையே காணும் அவலம். இதனை நீக்குதற்குக் கல்வியறிவு பெற்ற மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் உதவலாகும்.

எவர்க்கு எது தகும்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து, நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிற்குப் பொருத்திப் பார்ப்போம்.

குளச்சல், முட்டம் கடற்கரையில் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்தின் வருவாய் வரம்பிற்கு உட்பட்டதாயின், முதலமைச்சர் திட்ட அட்டையை உடனே பெறுக. கண்ணுக்கெனத் தனிக் கட்டணம் செலுத்தற்க. கடல்நீரில் தெறிக்கும் வெயில் கண்ணுக்குப் பகையாதலின், நிழல் தரும் தொப்பியும் குளிர்கண்ணாடியும் அவர்கட்கு மலிவான காப்பு.

அதிகாலையில் ரப்பர் மரம் வெட்டுவோரும், பட்டறையில் இரும்பு ராவுவோரும், மரம் அறுப்போரும் கண்ணில் துகள் பாயும் அபாயம் உடையர். இவர்கட்குப் பாதுகாப்புக் கண்ணாடி முதலில், விபத்தையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்பீடு அடுத்து.

ஆசிரியர், எழுத்தர், கடைக்காரர் முதலிய நடுத்தரக் குடும்பத்தார் நாற்பது வயதிற்கு முன்னரே குடும்பம் முழுமைக்கும் பொது மருத்துவக் காப்பீடு எடுக்க. எடுக்கும்பொழுது கண்புரையின் உச்சத்தொகை, காத்திருப்பு மாதம், அருகிலுள்ள எம்மருத்துவமனைகளில் ரொக்கமின்றிச் சிகிச்சை கிடைக்கும் என்னும் மூன்றையும் எழுத்தில் கேட்டறிக. கண்ணாடிக்கான கூடுதற் பயனை மேற்கூறிய விதியால் நிறுத்துப் பார்த்து, குறைவுபடின் விலக்குக.

ஏற்கெனவே புரை படர்ந்த முதியோர்க்கு அதற்கென இப்பொழுது காப்பீடு எடுத்தல் வீண். அக்கட்டணத்தைக் கொண்டே சிகிச்சையைச் செய்விக்கலாம். இயலாதார் அரசினர் மருத்துவமனையை நாடலாம்.

நீரிழிவு உடையோரும், பெற்றோர் உடன்பிறந்தோருள் குளோக்கோமா கண்டோரும் காப்பீட்டினும் பரிசோதனைக்கே முதலிடம் தருக. நீரிழிவாளர் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்தல் கடன். குளோக்கோமா நோவு இன்றி, சிவப்பு இன்றி, ஓரப்பார்வையைச் சிறிது சிறிதாக உண்ணும். இழந்த பார்வையை எம்மருத்துவரும் மீட்டுத்தரார். கண்முன் திடீரென மின்னல் வெட்டுதல், கரும்புள்ளிகள் பொழிதல், திரை இறங்கினாற்போல் மறைதல் ஆகியவை தோன்றின் அன்றே மருத்துவரை அடைக. அவ்வேளையில் அட்டையைத் தேடி ஒரு நாளைப் போக்குவது ஒரு கண்ணைப் போக்குவதாகலாம்.

பிடியரிசியின் பாடம்

எக்காப்பீடும் நம்மைக் கைப்பிடித்துக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை. கட்டணம் செலுத்திவிட்டோம் என்னும் மனநிறைவோடு பரிசோதனையை மறந்திருப்பவன், பூட்டை வாங்கிவைத்துக் கதவைத் திறந்துபோட்டவனை ஒப்பான். சிறப்பாக நம் வீட்டுப் பெண்டிர், தமக்குப் பார்வை மங்குவதை வயதின் குறையென்று எண்ணி வெளியிற் சொல்லார். அரிசியிற் கல்லைக் கையால் தடவிப் பொறுக்குவர். படியை எண்ணி இறங்குவர். இவர்கட்கு வேண்டுவது ஒரு கேள்வியும், பேருந்துக்கு ஒரு கட்டணமும், உடன்செல்ல ஒரு பிள்ளையுமே.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைக்கும் வழக்கம் நம் பக்கத்துச் சபைகளில் நெடுங்காலமாக உள்ளது. நாள்தோறும் எடுத்த பிடி ஆண்டு முடிவில் மூட்டையாகும். அம்முறையே கண்ணுக்கும் ஏற்றது. மாதம் 100 ரூபாய் தனியே வைப்பின் ஆண்டுக்கு 1,200 ரூபாய். இரண்டாண்டில் 2,400 ரூபாய். நாம் மேலே அமைத்த கணக்கின்படி ஒருவர்க்கு இரண்டு பரிசோதனையும் ஒரு கண்ணாடியும் முடிந்து, 300 ரூபாய் மிஞ்சும். மிஞ்சியது நம்முடையதே.

சுருங்கக் கூறின், சிறு செலவுக்குப் பிடியரிசி, பெருந்துன்பத்திற்குப் பொதுக் காப்பீடு, இயலாதார்க்கு அரசினர் அட்டை, யாவர்க்கும் ஆண்டுக்கொரு பரிசோதனை என்பதே நாம் கண்ட முடிபு. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ நண்பர்கள், தம் தாய் தந்தையரை ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்களாக. பின்னர் அக்கண்ணை மூடி மற்றதால் படிக்கச் செய்வார்களாக. ஒரு கண்ணிலேனும் எழுத்து மங்குமாயின், காப்பீட்டைப் பற்றிய ஆராய்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர்களை மறுநாட் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.